ஊளையிடுவது ஷாக் அப்சார்பர் இல்லை

கேள்வி: தென்காசி அருகே அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 2017 மாடல் சின்ன பெட்ரோல் கார், 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஐப்பசி மழையில் ஒருநாள் சக்கரம் பாதி மூழ்கும் தண்ணீரில் ஓட்டி வந்தேன். ஒரு மாதம் கழித்து முன்பக்கத்திலிருந்து ‘ஊஊ’ என்று இரைச்சல் வரத் தொடங்கியது. 40 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக ஆரம்பிக்கும். 60-ஐத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பைபாஸில் வலப்பக்கம் வளையும்போது கூடுகிறது, இடப்பக்கம் வளைந்தால் குறைகிறது. டயர்தான் காரணம் என்றார்கள். முன் டயர் இரண்டையும் புதிதாகப் போட்டு, அலைன்மெண்ட், பேலன்சிங் எல்லாம் செய்தும் போகவில்லை. இப்போது ஒரு ஒர்க்ஷாப்பில் முன்பக்கத்தை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், லிங்க் ராடு எல்லாம் மாற்ற வேண்டும், 32,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், “வீட்டுல சார் இல்லையாம்மா?” என்று கேட்கிறார்கள். இது போக, வீட்டிலிருந்து ரிவர்ஸ் எடுத்து ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது ‘டக் டக்’ என்று வேறொரு சத்தமும் வருகிறது. மகள் கோவையில் படிக்கிறாள். அடுத்த வாரம் இந்தக் காரில் போய்வர நினைத்திருக்கிறேன். போகலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சத்தத்தோடு கோவைக்குப் போக வேண்டாம். ராஜபாளையம், மதுரை வழியாகப் போனால் ஒரு பக்கமே 300 கிலோமீட்டருக்கு மேல் வரும், அதில் பாதிக்கு மேல் நான்குவழிச் சாலை வேகம். இந்த முறை பஸ்ஸோ ரயிலோ பிடித்துவிடுங்கள். காரை ஒர்க்ஷாப் வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போவதில் தப்பில்லை.

அடுத்து அந்த 32,000. “சார் இல்லையா” என்று கேட்டது மரியாதைக் குறைவுதான். ஆனால் சாரே போயிருந்தாலும் அந்த எஸ்டிமேட் மாறியிருக்காது என்று நினைக்கிறேன். காரை ஓட்டிக்கூடப் பார்க்காமல் எழுதியது அது. ரோட்டில் 60-ல் மட்டும் கேட்கும் சத்தத்தை, நின்ற இடத்தில் பானெட்டை அமுக்கிக் கண்டுபிடிக்க முடியாது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இடது முன்சக்கரத்து வீல் பேரிங் (சக்கரம் லேசாகச் சுழல உதவும், உள்ளே குண்டுகள் உள்ள இரும்பு வளையம்) போயிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தில் நீங்களே மூன்று தடயம் கொடுத்திருக்கிறீர்கள். வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறுகிறது. வளைவுக்கு வளைவு மாறுகிறது. தண்ணீரில் ஓட்டிய பிறகு வந்திருக்கிறது.

இதில் வளைவுதான் முக்கியமான தடயம். வலப்பக்கம் வளையும்போது காரின் எடை இடப்பக்கம் சாயும். அப்போது இடது சக்கரத்தின் பேரிங்மேல் பாரம் கூடும், வலது பேரிங் கொஞ்சம் இளைப்பாறும். ஏற்கெனவே தேய்ந்த பேரிங்மேல் பாரம் ஏறினால் இரைச்சல் கூடும், பாரம் இறங்கினால் அடங்கும். அதனால் வலப்பக்க வளைவில் கூடினால் இடது பேரிங்கையும், இடப்பக்க வளைவில் கூடினால் வலது பேரிங்கையும் முதலில் சந்தேகப்பட வேண்டும். இது எப்போதும் பொய்க்காது என்று சொல்ல முடியாது. இந்த பேரிங்குக்குள் குண்டுகள் இரண்டு வரிசையாக இருக்கும். எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, சில கார்களில் இது தலைகீழாகவும் கேட்கும். அதனால்தான் வளைவுச் சோதனையோடு நிறுத்திக்கொண்டு பேரிங்கைக் கழற்றக் கூடாது, ஜாக்கி போட்டும் பார்க்க வேண்டும் என்கிறேன். காதை மட்டும் நம்பவும் முடியாது. முன்னால் இடதில் வரும் சத்தம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் வலதில் வருவதுபோல் கேட்கலாம். பின்சக்கரச் சத்தம்கூட முன்னால் கேட்பதுண்டு.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் பேரிங் சூடாக இருக்கும். திடீரென்று குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ரப்பர் சீல் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். புது சீல் தாங்கிவிடும், பழைய சீல் தாங்காது. உள்ளே போன தண்ணீர் கிரீஸோடு கலக்கும், குண்டு உருளும் பாதையில் துரு பிடிக்கும், அந்தத் துருப் புள்ளிகளின்மேல் குண்டுகள் ஓடி ஓடிக் குழி விழும். சத்தம் உடனே வராமல் சில வாரம் கழித்து வருவது இதனால்தான். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கார்கள் பல மாதம் கழித்தும் இதே ஊளையோடு எங்களிடம் வந்துகொண்டிருந்தன. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று நிம்மதியாக இருந்தவர்களின் கார்கள்தான் அதில் நிறைய.

புது டயருக்குக் கொடுத்த பணத்தை நினைத்து வருத்தப்பட வேண்டாம். பழைய டயரில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டைகள், பள்ளமும் மேடுமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் அச்சு அசலாக பேரிங் போலவே ஊளையிடும். எங்களையே குழப்பும் இடம் இது. நீங்கள் டயரை மாற்றியும் சத்தம் அப்படியே இருப்பதால் முன் டயர் காரணம் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். முன்னால் இருந்த பழைய டயர்களைப் பின்னால் போட்டார்களா? போட்டிருந்தால் பின் டயர் பட்டன்மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வழவழப்பும், மறுபக்கம் தடவினால் ரம்பப் பல் மாதிரி கையைப் பிடிப்பதும் இருந்தால், இரைச்சலில் டயருக்கும் பங்கு உண்டு. டயர் சத்தம் ரோட்டைப் பொறுத்தும் மாறும். புதுத் தார் ரோட்டில் அடங்கும், சொரசொரப்பான ரோட்டில் கூடும். பேரிங் எந்த ரோட்டிலும் ஒரே மாதிரிதான் பாடும்.

வண்டியை விடுவதற்கு முன் நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இரண்டு இருக்கின்றன.

முதலாவதை ரோட்டில் செய்ய வேண்டும். முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரான சாலையில் 60-க்குப் போங்கள். சத்தம் நன்றாகக் கேட்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எஞ்சின் அடங்கியும் ஊளை அப்படியே இருந்து, வண்டி மெதுவாக மெதுவாகத் தானும் குறைந்தால் அது சக்கரத்தில் இருந்துதான் வருகிறது. ஆக்சிலரேட்டரை விட்ட நொடியே சத்தத்தின் குணம் மாறினால் கியர்பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். இதைச் செய்யும்போது எக்காரணம் கொண்டும் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தாதீர்கள். பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக் கல்லாகிவிடும், சாவியை இன்னும் திருப்பினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

இரண்டாவது ஜாக்கி போட்டுச் செய்வது. துணைக்கு ஒருவர் வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் அண்டை கொடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்சக்கரம் சுற்றாது. நியூட்ரல் என்பதால்தான் கல் கட்டாயம் என்கிறேன். கதவுக்குக் கீழே விளிம்பில் இரண்டு வெட்டுக் குறி இருக்கும். அந்த இடத்தில் ஜாக்கி வைத்து இடது முன்சக்கரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்குங்கள். ஸ்டெப்னியை எடுத்து ஜாக்கிக்குப் பக்கத்தில் காருக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள், ஜாக்கி சரிந்தாலும் கார் அதன்மேல் உட்காரும். காருக்கு அடியில் கையோ தலையோ போகவே கூடாது. துப்பட்டா, சேலைத் தலைப்பு இருந்தால் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

இப்போது டயருக்கு மேலே தெரியும் சுருள் ஸ்பிரிங்கின்மேல் ஒரு கையின் விரல்களைச் சும்மா வையுங்கள். மறு கையால் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. கெட்டிருந்தால் உள்ளே மணல் அரைபடுவதுபோல் ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். காதுக்கு எட்டாதது விரலுக்கு எட்டும். ஒரு இரும்பு மேல் இன்னொரு இரும்பு என்று அந்த அதிர்வு பேரிங்கிலிருந்து நேராக ஸ்பிரிங்குக்கு வந்து சேர்வதுதான் காரணம். அடுத்து வலது முன்சக்கரத்தையும் இதே மாதிரி தூக்கிப் பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். பிரேக் பேட் டிஸ்கில் லேசாக உரசும் ‘சர் சர்’ சத்தம் இரண்டு பக்கமும் கேட்கும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

அப்படியே ஆட்டமும் பார்த்துவிடலாம். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து, ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுங்கள். ‘லொடக்’ என்று ஆடினால், துணைக்கு வந்தவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுபோனால் பேரிங். நிற்காமல் ஆடினால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு. ஆட்டமே இல்லை என்பதற்காக பேரிங் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊளை முதலில் வரும், ஆட்டம் ரொம்பப் பின்னால்தான் வரும். ஆட்டம் வந்துவிட்டிருந்தால் ஒர்க்ஷாப்புக்குக்கூட ஓட்ட வேண்டாம், அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

அந்த எஸ்டிமேட்டில் இருந்த சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷாக் அப்சார்பர் ஊளையிடாது. அது போனால் வேகத்தடையில் ‘டம்’ என்று இறங்கும், ஏறி இறங்கிய பிறகும் கார் ஊஞ்சலாடும், அதன் உடம்பில் எண்ணெய்க் கசிவு தெரியும். லிங்க் ராடு போனால் குண்டும் குழியுமான தெருவில் மெதுவாகப் போகும்போது ‘லொட லொட’ என்று அடிக்கும், பைபாஸில் ஏறினால் சத்தமே இருக்காது. லோயர் ஆர்ம் புஷ் போனால் பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ‘டங்’ என்று ஒரு இடி. இவை எதுவுமே வேகத்தோடு சேர்ந்து ஏறும் இரைச்சலைக் கொடுக்காது. உங்கள் காரில் இவையும் தேய்ந்திருக்கலாம், 78,000 ஓடிய காரில் அது அதிசயம் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன வியாதிக்கு இந்த மருந்து இல்லை. மாற்றியே ஆக வேண்டும் என்று சொன்னால், காரை லிஃப்டில் ஏற்றி எந்த இடத்தில் ஆட்டம், எங்கே கசிவு, எந்த ரப்பர் கிழிந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டினால் மாற்றுங்கள்.

சரி, ரிவர்ஸில் வரும் அந்த ‘டக் டக்’. இதை ஊளையோடு சேர்த்து ஒரே கோளாறாக நினைத்துவிடாதீர்கள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வண்டி நகரும்போது மட்டும் சீராக அடிக்கிறது என்றால், ஆக்சிலின் வெளிப்பக்கத்து சிவி ஜாயிண்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் எஞ்சினின் சக்தியைத் திரும்பிய சக்கரத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த ஜாயிண்ட்தான். அதைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை, பூட் என்பார்கள். அது கிழிந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியே தெறித்து, மண்ணும் தண்ணீரும் உள்ளே போய்விடும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு, வெளியே நின்றபடி மொபைல் டார்ச் அடித்து சக்கரத்தின் உள்பக்கம் பாருங்கள். ரிம்மின் உள்புறம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்திருக்கிறது. மறுபக்கமும் பார்த்துவிடுங்கள். சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைப் பார்த்தவர்களுக்கு பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். உங்களுக்குச் சத்தம் வந்துவிட்டதால் ஜாயிண்டையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

இதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. வீல் பேரிங்கை மாற்ற எப்படியும் ஆக்சிலை ஹப்பிலிருந்து, அதாவது சக்கரம் மாட்டியிருக்கும் நடுப்பகுதியிலிருந்து, உருவ வேண்டும். டக் டக்கும் இடது பக்கம் என்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்லுங்கள், ஒரு கூலி மிச்சம்.

வேலை கொடுக்கும்போது கேட்க வேண்டியதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் புது பேரிங் போட்டும் சில மாதத்தில் மறுபடி ஊளையோடு வருகிற கார்கள் உண்டு. பெரும்பாலும் சுத்தியல்தான் காரணம். இந்த மாதிரிச் சின்னக் கார்கள் பலவற்றில் பேரிங்கை நக்கிள் என்னும், சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பகுதிக்குள் இறுக்கிச் செருகியிருப்பார்கள். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துத்தான் எடுக்க வேண்டும், பிரஸ்ஸில் வைத்துத்தான் போட வேண்டும். போடும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். சுத்தியலால் அடித்தாலோ, உள் வளையத்தில் அமுக்கினாலோ, அந்த வேகம் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் குழி போட்டுவிடும். மாட்டும்போதே புது பேரிங் பாதி செத்த மாதிரிதான். அதனால் “பிரஸ் இங்கேயே இருக்கா, வெளியே கொடுத்துப் போடுவீங்களா?” என்று கேளுங்கள். வெளியே லேத் பட்டறையில் கொடுத்துப் போட்டாலும் பரவாயில்லை, அடித்துப் போடாமல் இருந்தால் போதும்.

காரில் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி, இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இந்தியாவில் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் அது கட்டாயம், உங்களுடையது அதற்கு முந்தையது. சாவியைப் போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிந்து சில நொடியில் அணைந்தால் இருக்கிறது என்று அர்த்தம். இருந்தால் சில மாடல்களில் பேரிங்கின் ஒரு பக்கத்து சீலிலேயே காந்த வளையம் பதித்திருப்பார்கள். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் ஏபிஎஸ் விளக்கு அணையாது, மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், கழற்றிய பேரிங்கைத் திரும்பப் போடவும் முடியாது. இதை மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை ஞாபகப்படுத்துவதில் தப்பில்லை. கோபித்துக்கொண்டால் வேறு ஒர்க்ஷாப் பாருங்கள்.

பேரிங்கை நல்ல கம்பெனிப் பெட்டியோடு, பில்லோடு வாங்கச் சொல்லுங்கள், போலி நிறைய நடமாடுகிறது. ஆக்சில் நட்டைப் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்சில் அந்த மாடலுக்குச் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். அது தளர்வாக இருந்தால் புது பேரிங்கும் சீக்கிரம் போகும். நக்கிளைக் கழற்ற ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர்) போல்ட்டுகளை எடுத்திருந்தால் கடைசியில் ஒருமுறை அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள். அதை விட்டால் நீங்கள் புதிதாகப் போட்ட டயர் ஒரு ஓரமாகத் தேயத் தொடங்கும். செலவு மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் சின்னக் காரில் ஒரு பக்க பேரிங், பிரஸ் கூலி, கழற்றி மாட்டும் கூலி எல்லாம் சேர்த்தாலும் அந்த 32,000-க்குப் பக்கத்தில்கூட வராது. வலது பக்கத்தையும் சேர்த்து மாற்றச் சொன்னால், விரலில் நறநறப்பு தெரியாதவரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பேரிங் கெட்டதும் சக்கரம் கழன்று ஓடிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஊளை மட்டும் இருக்கும் கட்டத்தில் அப்படி நடக்காது. ஆனால் அப்படியே விட்டால் ஆட்டம் வரும், ஏபிஎஸ் விளக்கு வரும், டிஸ்க் ஆடிப் பேட்களைத் தள்ளுவதால் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும், சக்கரத்தின் நடுப்பகுதி தொட முடியாத அளவுக்குச் சுடும். அதற்கும் மேல் போனால் நடுரோட்டில் இறுகிப்போகவோ, ஹப் பிரிந்துவிடவோ கூடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓட்டினால் இந்தக் கட்டங்கள் எல்லாம் ஒரே பயணத்தில் வந்துவிடலாம் என்பதால்தான் கோவை வேண்டாம் என்றேன்.

பேரிங் மாற்றி ஓட்டிப் பார்க்கும்போது, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே அந்த பைபாஸ் வளைவு வரைக்கும் ஓட்டுங்கள். சத்தம் போகாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும், அடுத்து பின்சக்கர பேரிங்குகளைப் பார்க்கச் சொல்லலாம். அப்புறம், சக்கரத்தைக் கழற்றி மாட்டிய எந்த வேலையாக இருந்தாலும் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஸ்டெப்னியோடு வரும் ஸ்பேனரே போதும், கையால் அழுத்தமாக இறுக்கினால் சரி, ஸ்பேனர்மேல் ஏறி மிதிக்க வேண்டாம்.